நாள்பட்ட இடுப்பு வலிக்குக் கரண்ட் சிகிச்சை: எங்கெல்லாம் தவறுகிறோம்?

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் படுத்தும் இடுப்பு வலியை நாள்பட்டது என்பார்கள். மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் பார்த்து அலுத்த பிறகு பலர் வந்து நிற்கும் இடம் கரண்ட் சிகிச்சை. அங்கே நடக்கும் முதல் தவறு, எல்லாக் கருவியையும் ஒன்றாக நினைப்பது. தோலில் பட்டை ஒட்டி நரம்பைத் தூண்டுவது டென்ஸ். தலையில் மின்முனை வைத்து மூளைக்கு மிகச் சிறிய மின்னோட்டம் தருவது டி.டி.சி.எஸ். தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய கம்பியை உள்ளே பதிப்பது இன்னொரு ரகம். ஒன்றில் சுகம் கண்டவர் சொன்னார் என்று இன்னொன்றுக்குப் போவதில் அர்த்தமில்லை. தசையைச் சுருக்கி விரிக்கும் இ.எம்.எஸ். கருவியும் பார்க்க டென்ஸ் மாதிரியே இருக்கும், வேலை வேறு.

வலிக்குக் காரணம் தெரியாமலே பட்டையை ஒட்டுவது அதைவிடப் பெரிய தவறு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது: இதில் எது இருந்தாலும் கருவிப் பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி டென்ஸ். 1965-இல் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள்: தொடுவுணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்புகள் சுறுசுறுப்பானால், தண்டுவடத்திலேயே வலிச் செய்திக்குக் கதவு பாதி சாத்தப்படும். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதனால்தான். இந்த விளக்கத்திலேயே எல்லையும் இருக்கிறது. கருவி ஓடும்வரை, அணைத்த பின் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். விலகிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது.

1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 145 பேரைப் பிரித்து, சிலருக்கு உண்மையான டென்ஸும் சிலருக்கு மின்சாரமே வராத போலிக் கருவியும் கொடுத்துப் பார்த்தது. இரண்டுக்கும் வித்தியாசமில்லை. கூடவே உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு மட்டும் மற்றவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. பெரும்பாலோர் பயிற்சியை நிறுத்தியதும் அந்தப் பலனும் போய்விட்டது. சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இலும் உலக சுகாதார நிறுவனம் 2023-இலும் இடுப்பு வலிக்கு டென்ஸைப் பரிந்துரைக்க மறுத்ததில் வியப்பில்லை. அப்படியானால் தூக்கி எறிய வேண்டியதுதானா? என் கருத்து: தனி ஒருவருக்குக் கொஞ்சம் ஆசுவாசம் தந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடக்கும்போதும் பயிற்சி செய்யும்போதும் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டிலில் படுத்தபடி கரண்ட் வைத்துக்கொண்டு, நடையை நாளைக்குத் தள்ளிவைப்பவருக்கு அது வீண்.

வைப்பதிலும் தவறுகள் உண்டு. பயந்துகொண்டு, உணர்ந்தும் உணராத அளவில் வைப்பவர்கள் அதிகம். நல்ல பலமான கூச்சம் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. தினமும் ஒரே அளவில் வைத்தால் உடம்பு பழகிவிடும். ஒட்டும் பசை காய்ந்துபோன பழைய பட்டையில் மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து சுருக்கென்று குத்தும். மரத்துப்போன தோல், புண், கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, கர்ப்பிணியாக இருந்தால் வயிறு, இடுப்பு ஆகியவற்றில் ஒட்டக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட வேண்டும்.

மூளைத் தூண்டலைப் பற்றிப் பயமும் மோகமும் சேர்ந்தே இருக்கின்றன. மனநல மருத்துவத்தில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஷாக் சிகிச்சை இது அல்ல. டி.டி.சி.எஸ்.-இல் வழக்கமாக 1 முதல் 2 மில்லி ஆம்பியர், சுமார் 20 நிமிடம். ஆள் விழித்தபடி உட்கார்ந்திருப்பார். வலி நாள்பட நாள்பட மூளை அதைக் கையாளும் விதமே மாறுகிறது, அதைத் திருப்பலாம் என்பதே கணக்கு. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இடுப்பு வலியில் விடை வரவில்லை. 2015-இல் வெளியான 135 பேர் பங்கேற்ற ஜெர்மன் ஆய்வில் போலித் தூண்டலைவிட அது மேலாக இல்லை. பேட்டரியும் ஒயரும் வாங்கி வீட்டிலேயே செய்து பார்ப்பது தோலைப் பொசுக்கலாம். மின்முனை கொஞ்சம் நகர்ந்தாலும் தூண்டப்படும் இடம் மாறிவிடும். காந்த அலையால் தூண்டும் டி.எம்.எஸ்.-இல் அரிதாக வலிப்பு வரலாம். வலிப்பு நோய் இருந்தாலோ தலைக்குள் உலோகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தண்டுவடத் தூண்டல் கடைசி வாசல். அதில் கால் வலியையும் இடுப்பு வலியையும் குழப்பிக்கொள்வது பெரிய தவறு. முதுகு அறுவைக்குப் பின்னும் விடாத, காலில் இறங்கும் நரம்பு வலிக்காகவே அது முதன்மையாகப் பேசப்படுகிறது. அதிலும் நார்வேயில் 50 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கருவி ஓடிய காலத்துக்கும் ஓடாத காலத்துக்கும் அன்றாடச் சிரமத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நிரந்தரமாகப் பதிக்கும் முன் சில நாள் ஒத்திகை வைப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் மேலே போவது வழக்கம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அந்த நாட்களில் இல்லாத பலனை இருப்பதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, எவ்வளவு தூரம் நடந்தோம், எத்தனை மாத்திரை போட்டோம் என்று எழுதிவைத்தால் இந்த ஏமாற்றுக்கு இடமிருக்காது. பதித்துவிட்டால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்வது கட்டாயம். மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மி சிகிச்சை மட்டும் கூடவே கூடாது. கம்பி வழியே சூடு இறங்கி நரம்பைச் சுட்டுவிடும்.