தாய்க்கு நிறுத்தும் பெட்டைப் பன்றி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்பன்றிப் பண்ணை புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஆறேழு மாதத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பெட்டை ஏன் இன்னும் பருவத்துக்கு வரல?" கொட்டகை சுத்தம், குடற்புழு மருந்து, தண்ணீர் இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். தாய்க்கு நிறுத்தும் பெட்டையில், அதாவது கறிக்கு விற்காமல் குட்டி போடுவதற்கென்று வைத்துக்கொள்ளும் பெட்டையில், நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விற்றது போக மிச்சத்தைத் தாய்க்கு நிறுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வியாபாரி வண்டியோடு வருவார், உயிர் எடைக்குப் பேசுவார், கொழுகொழுவென்று இருப்பதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவார். கையில் காசு வந்த சந்தோஷத்தில் நம் ஆள் மூலையில் நிற்கும் சவலைகளைக் காட்டி, "இதுங்க தாய்க்கு இருக்கட்டும்" என்பார். விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைக்கிற கதைதான்.

போன வருடம் ஒரு தம்பி அப்படித்தான் ஆறு பெட்டைகளை நிறுத்தியிருந்தார். எட்டு மாதம் முடிந்தும் ஒன்றும் பருவத்துக்கு வரவில்லை. "ஊசி போட்டா வந்துடுமாண்ணே?" என்று கேட்டார். ஊசி இருக்கட்டும், முதலில் டேப்பை எடுங்கள் என்றேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று 95 சென்டிமீட்டர். காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளம் ஒரு மீட்டர். சுற்றை மீட்டரில் எழுதி அதையே அதால் பெருக்கி, நீளத்தாலும் 69.3-ஆலும் பெருக்கினால் எடை வந்துவிடும். 62 கிலோ. பிறந்ததிலிருந்து நாளுக்குக் கால் கிலோ சொச்சம்தான் ஏறியிருக்கிறது. ஒழுங்காகத் தின்ற வெண்பன்றி அந்த வயதில் 100 கிலோவைத் தாண்டி நிற்கும்.

உடம்பில் சேர்ந்த கொழுப்பும் தசையும் போதுமா என்பது ரத்தத்தில் ஓடும் லெப்டின், இன்சுலின் என்ற ஹார்மோன்கள் வழியாக மூளைக்குத் தெரிகிறது. போதாது என்றால் சினைப்பையை எழுப்பும் ஹார்மோனை மூளை தேவையான அளவு விடாது. ஊசி போட்டால் ஒரு தடவை பருவம் வரலாம், 21 நாள் கழித்து வரவேண்டிய அடுத்த பருவம் வராமல் மறுபடி அடங்கிவிடலாம். வந்தாலும் அந்த உடம்பில் எத்தனை குட்டி தங்கும்? நாலைக் கறிக்கே அனுப்பினார். அத்தனை மாதத் தீவனக் காசும் போனதுதான்.

அதனால் வியாபாரி வருவதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். நிறைய குட்டி போட்டு வளர்த்த தாயின் ஈற்றில், வேகமாக வளர்வதாக, காம்பு 12-க்குக் குறையாததாகப் பார்த்துக் காதில் குறி போட்டுவிடுங்கள். 50, 60 கிலோவில் தனிக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். நாளுக்கு 600 கிராம் ஏறினால் வளர்ச்சி பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு மேல் எவ்வளவு வேகமாக ஏற்றினாலும் பருவம் பெரிதாக முந்தாது. இந்தக் கணக்கெல்லாம் வெண்பன்றிக்கு. நாட்டுப் பன்றி சின்ன உடம்பிலேயே பருவத்துக்கு வந்துவிடும்.

ஓட்டல் கழிவு மட்டும் போதும் என்பது

வயிறு நிரம்பும். ஆனால் பாதிக்கு மேல் தண்ணீர், ஒரு நாள் சோறு, ஒரு நாள் எண்ணெய். புரதம் எந்த நாளும் ஒரே அளவில் இருக்காது. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் குறைந்தால் கொழுப்பு ஏறிய உடம்பைக் கால் தாங்காது, ஆண் பன்றி ஏறும்போது உட்கார்ந்துவிடும். கழிவு கொடுப்பதானால் கொதிக்க வைத்துக் கொடுங்கள், கொதிக்காத கழிவு வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து நுழையும். கூடவே தாது உப்புக் கலந்த அடர்தீவனமும் வேண்டும்.

பூசணம் பிடித்த மக்காச்சோளம்

மூன்று மாதக் குட்டிக்குப் பெண்ணுறுப்பு சிவந்து வீங்கினால் அது பருவம் இல்லை, பூஞ்சை நஞ்சு. மூட்டையை மாற்றுங்கள்.

ஆண் பன்றியைக் கண்ணில் காட்டாமல் வைப்பது

ஐந்தரை மாதத்திலிருந்து தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மூக்கோடு மூக்கு உரச விடுங்கள். பருவத்தை முடுக்குவது அதன் எச்சில் வாடை. பத்து மாதம் தாண்டிய ஆணாக இருக்க வேண்டும், சின்னதற்கு அந்த வாடை போதாது. நாள் முழுக்கப் பக்கத்துக் கொட்டிலிலேயே கட்டிப்போட்டால் பெட்டைக்குப் பழகிப்போய்விடும், அப்புறம் பலன் இல்லை.

முதல் பருவத்திலேயே சேர்ப்பது

வேண்டாம். இரண்டாவதோ மூன்றாவதோ வரட்டும்.

சேர்த்த பிறகும் அள்ளிக் கொட்டுவது

சேர்ப்பதற்குப் பத்து, பதினான்கு நாள் முன்பிருந்து தீவனத்தைக் கூட்டினால் முட்டை அதிகம் விழும். சேர்த்த அன்றே பழைய அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.