சனிக்கிழமை பாறை, ஞாயிற்றுக்கிழமை ஆறு: புதிதாகப் போகிறவர்களுக்கு

நண்பர்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் "வார இறுதியில் பாறையேற்றமும் கயாக்கும் சேர்த்துப் போகலாமா" என்று ஆரம்பித்து வைப்பார். உடனே மற்றவர்கள் எந்த ஷூ நல்லது, கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் எதை வாங்கலாம் என்று ஃபோனைத் தட்டத் தொடங்குவார்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், முதல் நாலைந்து முறைக்கு வாடகைச் சாமான் போதும். ஏறுவதையும் துடுப்புப் போடுவதையும்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றில் விழுந்து தொங்குவதும், கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவதும் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும். பயத்தில் இருக்கிற கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

படி 1: முந்தைய வாரமே கவிழ்ந்து பாருங்கள்

வேகமான ஆற்றுக்கான கயாக்கில் நீங்கள் உட்காருவதில்லை, கிட்டத்தட்ட அதை உடுத்திக்கொள்கிறீர்கள். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற ரப்பர் பாவாடையை மாட்டி, அதன் ஓரத்தைப் படகின் விளிம்பில் இறுக்கிவிடுவார்கள். கவிழ்ந்தால் தலை கீழே, கால் உள்ளே, மூக்கில் தண்ணீர். அதனால் ஒரு நீச்சல்குளத்திலோ அசையாத தண்ணீரிலோ, கயாக் தெரிந்த ஒருவரை இடுப்பளவு நீரில் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பழகுங்கள்.

மூச்சை இழுத்துக்கொண்டு கவிழுங்கள். உடனே முன்னால் மடங்கி, நெற்றி படகைத் தொடுகிற அளவுக்குக் குனியுங்கள், ஏனென்றால் பின்னால் சாய்ந்தால் அடியில் உள்ள பாறையை முதலில் சந்திப்பது உங்கள் முகம்தான். கைகளை வெளியே நீட்டிப் படகின் அடிப்பக்கத்தை மூன்று முறை தட்டுங்கள். அது பக்கத்தில் இருப்பவருக்குச் சைகை, உங்களுக்கு நிதானம். பிறகு கையை விளிம்போடு முன்பக்கம் நகர்த்தினால் ஸ்கர்ட்டின் நுனியில் ஒரு வளையம் அகப்படும். அதை முதலில் முன்னோக்கித் தள்ளி, பின் உங்கள் பக்கம் இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும். கடைசியாக இடுப்புக்கு இருபுறமும் கை ஊன்றி, கால்சட்டையைக் கழற்றுகிற மாதிரி படகைக் கழற்றுங்கள். எல்லாம் சில விநாடி வேலைதான், ஆனால் முதல் தடவை அது ஒரு யுகமாகத் தெரியும். பத்து தடவை செய்யுங்கள்.

கிளம்பும்முன் அந்த வளையம் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். ஒருமுறை எனக்கு அது ஸ்கர்ட்டுக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. கரையில் நின்ற தோழி பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன்.

படி 2: யார், எங்கே, எந்த நாள்

இரண்டுக்குமே அனுபவமுள்ள ஒருவர் கூட வர வேண்டும், அல்லது பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ள வேண்டும். எல்லாரும் புதியவர்கள் என்றால் போகாதீர்கள், அவ்வளவுதான். ஆற்றில் குறைந்தது மூன்று படகாவது சேர்ந்து போக வேண்டும்.

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். உங்களுக்கு 1, மிஞ்சினால் 2. ஆனால் இந்த எண் ஆற்றுக்கு நிரந்தரமாகக் குத்திய முத்திரை இல்லை. மேலே எங்கோ மழை பெய்தாலும், அணையைத் திறந்துவிட்டாலும் நேற்று 2 ஆக இருந்த இடம் இன்று 3, 4 ஆகிவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்கு, அதனால் "கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது" என்ற பேச்சே கூடாது. கிளம்புகிற அன்று காலையிலும் நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் கணக்கில் சனிக்கிழமை பாறை, ஞாயிறு ஆறு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல் நுனி பாறையில் பட்டால் உரிந்துவிடும், துடுப்புப் போட்ட தோளும் ஏற மறுக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மணற்பாறையில் ஏறவே ஏறாதீர்கள். ஈரத்தில் அது பலமிழந்து, பிடித்த பிடி அப்படியே கையோடு வந்துவிடும்.

படி 3: பாறை

டாப் ரோப் முறையில் தொடங்குங்கள். கயிறு மேலே நங்கூரத்தில், அதாவது அதைத் தாங்குகிற பிடிமானத்தில், மாட்டித் திரும்பிக் கீழே வந்திருக்கும், ஒரு முனையில் ஏறுபவர், மறுபக்கம் கயிற்றைப் பிடிக்கிற பிலேயர். நங்கூரம் போடுவது அனுபவசாலியின் வேலை, அதில் கை வைக்காதீர்கள். பிரெஞ்சு தரத்தில் 4, அமெரிக்க முறையில் 5.4, 5.5 என்று குறித்த பாதைகள் உங்களுக்குச் சரியாக இருக்கும்.

இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பட்டையான ஹார்னஸ், இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக உட்கார வேண்டும். கயிற்றை ஹார்னஸின் மேல் வளையம், கீழ் வளையம் இரண்டுக்குள்ளும் விட்டு, 8 வடிவத்தில் வரும் முடிச்சைப் போடுங்கள், அப்புறம் அதை எண்ணுங்கள். சரியாகப் போட்ட முடிச்சில் கயிறு ஜோடி ஜோடியாக ஐந்து இடத்தில் தெரியும். நாலு ஜோடி தெரிந்தால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். மிச்ச வால் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பிலேயர் பக்கத்தில் காராபினர் என்ற உலோகக் கொக்கி பூட்டியிருக்கிறதா, கயிற்றை நிறுத்திப் பிடிக்கிற கருவிக்குள் கயிறு சரியான திசையில் போகிறதா, கயிற்றின் கடைசி முனையில் முடிச்சு இருக்கிறதா என்று ஏறுபவர் பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் சோதிப்பதுதான் முறை. பிலேயரின் பிரேக் கை, அதாவது கருவியிலிருந்து வெளியே வரும் கயிற்றைப் பிடிக்கிற கை, என்ன நடந்தாலும் கயிற்றை விடக் கூடாது, கன்னத்தில் கொசு கடித்தாலும்.

நம் மொழியில் மட்டும் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. 15 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றில், "இறுக்கு" என்று கத்தினாலும் "இறக்கு" என்று கத்தினாலும் கீழே ஒரே மாதிரிதான் கேட்கும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடி என்கிறார், மற்றவர் கீழே இறக்குகிறார். எங்கள் கூட்டத்தில் அதற்காகவே "டேக்", "லோயர்" என்று வைத்துக்கொண்டோம், அதுவும் ஆள் பெயரைச் சேர்த்துத்தான். "விடு" என்ற சொல் பாறைப் பக்கமே வரக் கூடாது.

முதல் ஏற்றத்தில் மூன்று நாலு மீட்டர் போய், கயிற்றை இறுக்கச் சொல்லி, கையை விட்டுவிட்டு உட்காருங்கள். கயிறு கொஞ்சம் நீளும், வயிறு ஒருமுறை புரளும், பிறகு ஒன்றும் இல்லை என்று தெரியும். கயிறு நீளுமென்பதால் தரைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை பிலேயர் தளர்வே விடக் கூடாது. மற்றபடி காலால் ஏறுங்கள். கையை மடக்கியே தொங்குகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும்.

படி 4: ஆறு

பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஒரு அமைதியான இடம் இருக்கும். கயாக்காரர்கள் அதை எடி என்பார்கள், உங்கள் பேருந்து நிறுத்தம் அதுதான். ஒரு எடியிலிருந்து அடுத்த எடிக்கு என்றுதான் ஆற்றில் இறங்க வேண்டும். எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது, பைக்கில் வளைவில் சாய்வது போல, நீர் போகிற பக்கம் படகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் படகின் மேல் ஏறிக் கண் மூடித் திறப்பதற்குள் கவிழ்த்துவிடும். பாறையில் பக்கவாட்டில் மோதினால் மனசு விலகத்தான் சொல்லும், நீங்கள் பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன் பக்கமே சாயுங்கள்.

நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்விரல் நீருக்கு மேலே தெரிய, பாதம் ஆறு போகிற திசையில் முன்னால் இருக்கும்படி மிதந்து, கரைப் பக்கமாகக் கையை வீசி நகருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், ஓடுகிற ஆற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடாதீர்கள். தொடையளவு நீரில் எழுந்து நிற்கப் பார்த்து, பாதம் இரண்டு கற்களுக்கிடையே சிக்கிவிட்டால், ஓட்டம் உங்களை முகம் கவிழத் தள்ளி அப்படியே அமுக்கிவைக்கும். விழுந்து கிடக்கிற மரங்களுக்கும், சமமாக நீர் வழிகிற சிறு தடுப்பணைகளுக்கும் பக்கத்தில் போகவே கூடாது. பார்க்கச் சாதுவாக இருக்கிற அந்தத் தடுப்பணையின் அடியில்தான் சுழல் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

துடுப்பை நேராகத் தூக்கினால் வா, குறுக்காகப் பிடித்தால் நில், விசில் மூன்று முறை என்றால் ஆபத்து. கையால் திசை காட்டும்போது போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுங்கள். ஆபத்தைச் சுட்டிக்காட்டினால் பின்னால் வருகிறவர் நேராக அங்கேயே போவார்.

படி 5: சாமானும் சாவியும்

பாறை ஹெல்மெட்டும் ஆற்று ஹெல்மெட்டும் வேறு வேறு, ஒன்றை வைத்துச் சமாளிக்க வேண்டாம். கயிறும் அப்படித்தான். ஆற்றில் வீசுகிற கயிறு மிதக்க வேண்டும், பாறைக் கயிறு விழுகிற எடையை நீண்டு வாங்க வேண்டும். ஈரமான நைலான் கயிற்றின் பலம் குறையும் என்பதால் பாறைக் கயிற்றை ஈரச் சாமானோடு ஒரே பையில் திணிக்காதீர்கள். வீடு வந்ததும் எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள்.

ஆறு உங்களைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவராது. அதனால் காலையில் இரண்டு வண்டியில் போய், ஒன்றை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மற்றதில் எல்லாரும் தொடங்குகிற இடத்துக்கு வாருங்கள். கீழே நிறுத்திய வண்டியின் சாவியை நீர்புகாப் பையில் போட்டு, ஒருவருடைய லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். நாங்கள் ஒருமுறை நனைந்த துணியோடு வண்டி முன்னால் வந்து நின்றோம், சாவி மேலே நிறுத்திய வண்டியில், என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. ஒன்பது கிலோமீட்டர், வெறுங்காலோடு நானேதான் நடந்தேன்.