காலையில் படுக்கை விரிப்பதில் செய்யும் தவறுகள்

2014-ல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் வில்லியம் மெக்ரேவன் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசியதைக் கேட்டுவிட்டுத் தினமும் படுக்கையைச் சரிசெய்யத் தொடங்கியவர்கள் ஏராளம். நல்ல பழக்கம்தான். இரண்டு நிமிட வேலை, விரிப்பில் தூசி படியாது. ஆனால் பலரும் அதைத் தவறான நேரத்தில் செய்கிறார்கள்.

எழுந்த கையோடு மூடுவது

இரவு முழுக்க உடம்பிலிருந்து வெளியேறும் வியர்வையும் சூடும் விரிப்பைத் தாண்டி மெத்தைக்குள் இறங்கியிருக்கும். எழுந்தவுடன் கனமான பெட்ஷீட்டால் மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கின்றன. படுக்கையைக் கலைந்தபடியே விட்டால் அவை காய்ந்து குறையலாம் என்று லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் கணித்தார்கள். அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிட முடியாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம். ஃபேன் ஓட வேண்டும்.

போர்வையைக் கால்மாட்டுக்கு மடித்துத் தள்ளுங்கள், தலையணைகளை நிமிர்த்திச் சாத்துங்கள், ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். குளித்து, காபி குடித்து, அரை மணி நேரம் கழித்து வந்து விரியுங்கள். மேலே மெல்லிய பருத்தித் துணி போதும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, புது மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வருடக்கணக்கில் படுப்பது. ‘அழுக்காகாதே’ என்பார்கள். வியர்வை பிளாஸ்டிக்கின் மேல் தேங்கி விரிப்பை நனைக்கும். உறையில் ஓட்டை விழுந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. கட்டிலின் பலகையும் இடைவெளியில்லாத பிளைவுட் என்றால் அடிப்பக்கம் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஃபோமுக்குள் இறங்கிய பூஞ்சணம் துவைத்தாலும் போகாது, மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். படுக்கையை நனைக்கும் குழந்தை இருந்தால் துணிமுகம் கொண்ட நீர்புகா விரிப்பு வாங்குங்கள். அதையும் காலையில் எடுத்து உலர்த்துங்கள்.

எல்லா மெத்தையையும் வெயிலில் போடுவது

இலவம் பஞ்சுக்கு வெயில் மருந்து. இரு பக்கமும் திருப்பிப் போடுங்கள். லேட்டக்ஸ், ஃபோம் நேர் வெயிலில் மஞ்சளித்துப் பொடியும். நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

விரிப்பின் அளவு

சுருங்கி வெளியே வந்துகொண்டே இருந்தால் குற்றம் உங்கள் கையில் இல்லை. 6 அங்குல உயர மெத்தைக்கு இரு பக்கமும் தொங்க 12, அடியில் செருக 16. ஆக அகலத்தோடு 28 அங்குலம் கூட்டுங்கள். 5 அடி அகலக் கட்டிலுக்கு 90×108 சரி. 6 அடிக்கு 108×108 வேண்டும்.

அலங்காரத் தலையணைகள்

இரண்டு போதும்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது

கூடாது.

பாயை உடனே சுருட்டுவது

கோரைப்பாயும் வியர்வையைக் குடிக்கும். உதறிச் சுவரில் சாத்தி, அரை மணி நேரம் காயவிட்டுச் சுருட்டுங்கள்.