புயல் கூண்டு ஏறும் முன் சர்வரைத் தயார்செய்வது எப்படி? கடலூர், புதுச்சேரி அலுவலகங்களுக்கு ஒரு செய்முறை

ஐப்பசி பிறந்துவிட்டால் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். வீட்டில் மெழுகுவத்தி, அரிசி, குடிநீர் எல்லாம் சேர்ந்துவிடும். அலுவலகத்தின் மூலையில் ஓடும் சர்வரைப் பற்றி மட்டும் மின்சாரம் போன பிறகுதான் யாருக்காவது நினைவு வரும். ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகளை) ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து. அந்தப் பெட்டி திடீரென அணைந்தால் எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் விழும். தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் நின்றுபோகும்.

புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே சர்வர், அதில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள், அதற்குள் மூன்று மெய்நிகர் கணினிகள்: பயனர் கணக்குகளையும் டிஎன்எஸ்ஸையும் (கணினிப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கவனிப்பது ஒன்று, தரவுத்தளம் ஒன்று, டேலி ஓடுவது ஒன்று. மாதந்தோறும் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். டிசம்பர் 20 புயல் காலத்தில்தான் வருகிறது.

முதல் படி: பட்டியல்

ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் எண், பெயர், ஐபி முகவரி, அதில் என்ன ஓடுகிறது, அது நின்றால் யாருக்கு வேலை நிற்கும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கோப்பாகச் சேமித்தால் போதாது, தாளிலேயே இருக்க வேண்டும். சர்வர் அணைந்திருக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

இரண்டாம் படி: கெஸ்ட் ஏஜென்ட்

ஹோஸ்ட், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர், அணையும்போது உள்ளே இருக்கும் கணினிகளிடம் 'நீங்களும் அணைந்துகொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டும். அந்தச் செய்தி ஒழுங்காகப் போய்ச்சேர அவற்றுக்குள் க்யூஈஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் தேவை. லினக்ஸ் கணினியில் அந்தப் பெயருள்ள தொகுப்பை நிறுவினால் போதும். விண்டோஸ் என்றால் விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பிலேயே அது இருக்கிறது. உள்ளே நிறுவிய பிறகு, ப்ராக்ஸ்மாக்ஸில் அந்தக் கணினியின் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் ஏஜென்ட்டை இயக்குங்கள். பிறகு கணினியை முழுமையாக அணைத்து மீண்டும் தொடங்குங்கள். உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்தால் அமைப்பு மாறாது.

'சம்மரி' பக்கத்தில் அந்தக் கணினியின் ஐபி முகவரி தெரிந்தால் ஏஜென்ட் பேசுகிறது என்று பொருள். இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். ஆப்ஷனை இயக்கிவிட்டு உள்ளே ஏஜென்ட் இல்லாமல் விட்டால், அணைக்கும் கட்டளை பதிலுக்குக் காத்திருந்தே நேரத்தை வீணடிக்கும். யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது அந்த நேரத்தின் விலை அதிகம்.

மூன்றாம் படி: யார் முதலில், யார் கடைசியில்

அதே 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் தொடங்கும், அணையும் வரிசையைக் குறிக்கலாம். சிறிய எண் முதலில் தொடங்கும். அணையும்போது வரிசை தலைகீழாகும். டிஎன்எஸ் கணினிக்கு 1, தரவுத்தளத்துக்கு 2, டேலிக்கு 3 என்று கொடுங்கள். அப்போது டேலி முதலில் அணையும், அதன் பிறகே தரவுத்தளம் அணையும். ஹோஸ்ட் எழும்போது தானாகத் தொடங்க வேண்டிய கணினிகளுக்கு 'ஸ்டார்ட் அட் பூட்' என்பதையும் இயக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் அணையக் காத்திருக்கும் நேரமும் உண்டு. மெய்நிகர் கணினிக்கு இயல்பாக 180 விநாடிகள். அதற்குள் அணையாவிட்டால் ப்ராக்ஸ்மாக்ஸ் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். தரவுத்தளத்துக்கு 300 விநாடிகளாவது கொடுங்கள். விண்டோஸ் அப்டேட்கள் பாதியில் நிற்கும் கணினி அணைய நெடுநேரம் எடுக்கும். ஆகவே புயல் செய்தி வந்ததும் நிலுவையில் உள்ள அப்டேட்களை முடித்துவிடுவது நல்லது.

இங்கே இன்னொன்றையும் பாருங்கள். மெய்நிகர் வட்டின் கேஷ் (தற்காலிக நினைவகம்) அமைப்பு 'ரைட் பேக் அன்சேஃப்' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். வேகம் கிடைக்கிறது என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். எழுதியதை வட்டில் உறுதிசெய்யும்படி உள்ளிருக்கும் கணினி கேட்டாலும் அந்த அமைப்பு காதில் போட்டுக்கொள்ளாது. மின்வெட்டுள்ள ஊரில் அதற்கு இடமே இல்லை.

நான்காம் படி: யூபிஎஸ்ஸைப் பேசவைத்தல்

பல அலுவலகங்களில் யூபிஎஸ் மின்சாரம் மட்டும் தருகிறது. பேட்டரியில் ஓடுகிறோம் என்பதே சர்வருக்குத் தெரியாது. யூபிஎஸ்ஸின் பின்புறம் யூஎஸ்பி போர்ட்டோ சீரியல் போர்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேபிளை நேராக ஹோஸ்ட்டில் செருகி, ஹோஸ்ட்டிலேயே 'நட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸை நிறுவுங்கள். மெய்நிகர் கணினிக்குள் நிறுவினால் அது தன்னை மட்டும் அணைத்துக்கொள்ளும், ஹோஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் இப்படிப்பட்ட போர்ட் கிடையாது. அவற்றை நம்பி சர்வரை ஓட்டுகிறவர்கள் கையால் அணைக்க ஓர் ஆளை நியமித்தே ஆக வேண்டும்.

'நட்' நிறுவியதும், பேட்டரி தீரப்போகிறது என்ற சமிக்ஞை வந்ததும் ஹோஸ்ட்டை அணைக்கும்படி அமைப்பதுதான் வழக்கம். எங்கள் ஊருக்கு அது போதாது. கணக்கைப் பாருங்கள். வெவ்வேறு வரிசை எண் உள்ள கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அணையும். 180, 300, 180 விநாடிகள் சேர்ந்தால் 660 விநாடிகள், அதாவது 11 நிமிடம். ஹோஸ்ட் அணைய மேலும் 2 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக மோசமான நிலையில் 13 நிமிடம் தேவை. பல யூபிஎஸ்கள் கடைசிச் சில நிமிடங்களில்தான் அந்தச் சமிக்ஞையைத் தரும். அதற்காகக் காத்திருந்தால் தரவுத்தளம் பாதி அணைந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிடும்.

ஆகவே 'நட்' உடன் வரும் அட்டவணைக் கருவியைக் கொண்டு நேரக் கணக்கு வையுங்கள்: பேட்டரியில் 5 நிமிடம் ஓடியும் மின்சாரம் வராவிட்டால் அணைக்கத் தொடங்கு. 5 உடன் 13 சேர்ந்தால் 18 நிமிடம். யூபிஎஸ் 20 நிமிடத்துக்கு மேல் தாங்க வேண்டும். வாங்கியபோது அட்டையில் எழுதியிருந்த நேரத்தை நம்ப வேண்டாம். ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளில் பலம் குன்றிவிடும். அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அலுவலகம் மூடிய பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு யூபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைப் பிடுங்கி, கடிகாரத்துடன் உட்கார்ந்து பாருங்கள். எல்லாக் கணினிகளும் ஒழுங்காக அணைந்தனவா என்பதும், அதுவரை பேட்டரி தாங்கியதா என்பதும் ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். புயல் காலத்தில் அதை 'ஆஃப்' நிலையில் வைப்பதே என் பரிந்துரை. புயலுக்குப் பிறகு மின்சாரம் வரும், பத்து நிமிடத்தில் போகும், மறுபடி வரும். முதல் தடவை வந்ததும் சர்வர் எழுந்துவிட்டால், பேட்டரி ஏறும் முன்பே அடுத்த வெட்டு வந்து அதை வீழ்த்தும்.

ஐந்தாம் படி: பேக்கப் எங்கே இருக்கிறது?

புதியவர்களில் பலர் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் என்பது கணினியின் அந்த நொடி நிலையின் பதிவு, அது அதே வட்டில் இருக்கிறது. வட்டு போனால் அதுவும் போகும். ஓர் அப்டேட்டுக்கு முன் எடுத்து, சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் நீக்கிவிட வேண்டிய பொருள் அது.

பேக்கப்புக்கு 'டேட்டாசென்டர்' பகுதியில் 'பேக்கப்' பக்கத்துக்குப் போய்ப் புதிய பணி ஒன்றைச் சேருங்கள். எல்லாக் கணினிகளையும் உள்ளடக்கும் தேர்வைக் கொடுத்தால், பிறகு சேர்க்கும் கணினிகளும் தானாக அதில் வந்துவிடும். முறை 'ஸ்னாப்ஷாட்' என்றே இருக்கட்டும். கணினி ஓடும்போதே பேக்கப் எடுக்கும் முறையின் பெயர் அது, மேலே சொன்ன ஸ்னாப்ஷாட் வேறு. தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 பிரதிகள் என்று தொடங்கலாம்.

பேக்கப்பில் வராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மெய்நிகர் வட்டின் அமைப்பில் 'பேக்கப்' என்ற குறியை எடுத்துவிட்டிருந்தால் அந்த வட்டு சத்தமில்லாமல் விடுபடும். கன்டெய்னர் என்ற இலகுவகை மெய்நிகர் கணினிக்குள் வெளியிலிருந்து இணைத்த கோப்புறைகளும் விடுபடும். ஹோஸ்ட்டின் சொந்த அமைப்புக் கோப்புகளும் இந்தப் பணியில் சேராது. அவற்றைத் தனியே நகலெடுத்து வையுங்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்பது உலகெங்கும் சொல்லும் விதி. கடலூர்க்காரர்கள் அந்த 'வெளியூர்' எது என்று யோசிக்க வேண்டும். கடலூர் அலுவலகத்தின் பிரதியைப் புதுச்சேரிக் கிளையில் வைத்தால் அது வெளியூர் ஆகாது. இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், அந்த ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அதோடு முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வெள்ளமாகி, கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் அதன் பிறகுதான் புகுந்தது. மழை விட்டதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தவர்கள் மீண்டும் பொருள்களை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. பிரதி சேலத்திலோ கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கட்டும்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியிலும் அங்கே ஒரு பழைய கணினியிலும் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளை நிறுவி, அலுவலகத்தில் உள்ளதிலிருந்து அங்கே உள்ளது இரவில் வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே இழுத்துக்கொள்ளும்படி ஒத்திசைவுப் பணி அமைக்கலாம். மாறிய துண்டுகள் மட்டுமே போகும் என்பதால் முதல் பிரதி சேர்ந்த பிறகு சாதாரண பிராட்பேண்டே தாங்கும். குறியாக்கம் செய்தால் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு இடங்களில் வையுங்கள். சாவி சர்வரிலேயே இருந்து சர்வர் மூழ்கினால், வெளியூர்ப் பிரதியால் பயனில்லை. இந்த வசதி இல்லாத அலுவலகங்கள் இரண்டு யூஎஸ்பி வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை உள்மாவட்டத்துக்குப் போகும் ஊழியர் கையில் கொடுத்தனுப்பலாம்.

ஆறாம் படி: மீட்டெடுத்துப் பாருங்கள்

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. தரவுத்தளக் கணினியின் பிரதியை வேறு எண்ணில் மீட்டெடுங்கள். அப்போது 'யுனிக்' என்ற குறியைப் போட்டால் புதிய மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) உருவாகும். தொடங்கும் முன் நெட்வொர்க் அமைப்பில் 'டிஸ்கனெக்ட்' குறியையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஐபி முகவரியுடன் இரண்டு கணினிகள் எழுந்து அலுவலகமே குழம்பும். பிறகு கன்சோல் வழியே உள்ளே போய், நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பட்டியல் தாளில் குறியுங்கள். மேலதிகாரி முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

ஏழாம் படி: பதிப்புகள்

ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் மென்பொருளில் ஓட்டுகிறவர்களுக்கு முதலில். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்து, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. விஎம்வேரின் ஹோஸ்ட் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் 8.0 பதிப்பில் திரும்ப வந்தது. ஈஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஸ்பியர் தொகுப்பின் 7-ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் நகர்ந்தாக வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் நிர்வாகி உரிமை பெற்றவர் அதைத் தாண்டி ஹோஸ்ட் வரை போக வழிவிடும் விஎம்வேர் ஓட்டைகளுக்கு 2025 மார்ச்சில் திருத்தம் வெளிவந்தது. அப்போதே அவை தாக்குதல்களில் பயன்பட்டுக்கொண்டிருந்தன. ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து கணினிகளை நேராக இறக்குமதி செய்யும் வசதி ப்ராக்ஸ்மாக்ஸில் 2024-இலிருந்து இருக்கிறது.

ப்ராக்ஸ்மாக்ஸ் 9.0, டெபியன் லினக்ஸ் 13-ஐ அடிப்படையாகக் கொண்டு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. 8-இலிருந்து போகும் முன் அதனுடன் தரப்படும் சரிபார்ப்புக் கருவியை ஓட்டி, எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு ஏறுங்கள். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிய பதிப்பு மாற்றம் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் போட்டுக்கொண்டு, பெரிய வேலையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கூண்டு ஏறிய பிறகு

வானிலை ஆய்வு மையம் நம் கரையைக் குறிப்பிட்டதும் பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டி, வெளியூருக்குப் போய்ச்சேர்ந்ததை உறுதிசெய்யுங்கள். அந்தப் பிரதிகளுக்கு, வெளியூரில் உள்ளதற்கும் சேர்த்து, 'புரொடெக்டட்' குறியைப் போடுங்கள். அப்போது பழைய பிரதிகளைக் களையும் வேலை அவற்றைத் தொடாது. பிறகு ஒழுங்காக அணைத்து, மின் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி, பெட்டியைத் தரையிலிருந்து மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். இடி மின்னல் பிராட்பேண்ட் கம்பி வழியாகவும் வரும்.

மின்சாரம் திரும்பியதும் அவசரப்படாதீர்கள். வோல்டேஜ் நிலையாக இருப்பதையும் யூபிஎஸ் பேட்டரி நிறைந்ததையும் பார்த்த பிறகு ஹோஸ்ட்டைத் தொடங்குங்கள். 'டிஸ்க்ஸ்' பக்கத்தில் வட்டுகளின் நிலை, கடிகாரம், டிஎன்எஸ், தரவுத்தளம் என்று பட்டியல் தாளின் வரிசையிலேயே சரிபாருங்கள். பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் எவ்வளவு உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் இயக்கவே வேண்டாம். வேறு கணினியில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, வெளியூர்ப் பிரதியிலிருந்து மீட்டெடுங்கள். எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடி, புதிய பேக்கப்களும் வெளியூருக்குப் போய்ச்சேர்ந்த பிறகு, அந்த 'புரொடெக்டட்' குறிகளை எடுத்துவிடலாம்.