விவசாயக் கழிவில் பூஞ்சை வளர்த்து நொதி எடுப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் நாள் டிரேயைத் திறந்தால் வைக்கோல் முழுக்கப் பச்சை படர்ந்திருக்கும். கெட்ட வாடையும் இருக்காது. ஆனால் சாறு எடுத்துச் சோதித்தால், நாரிலுள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதியான செல்லுலேஸின் அளவு சொல்லிக்கொள்ளும்படி இராது. திடநிலை நொதித்தலில், அதாவது நனைந்த திடப்பொருளின்மேல் பூஞ்சை வளர்க்கும் முறையில், புதிதாக இறங்குகிறவர்களை முதலில் குழப்புவது இதுதான். பூஞ்சை வளர்ந்துவிட்டால் நொதியும் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். எளிதில் உறிஞ்சக்கூடிய சர்க்கரை கையருகே இருக்கும்போது, நாரை உடைக்கும் நொதியைச் சுரக்கப் பூஞ்சைக்கு எந்தத் தேவையும் இல்லை.

கழிவுக்கும் நொதிக்கும் பொருத்தம் பார்க்காதது

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் பால் பிழிந்தபின் மிஞ்சும் திப்பியை எடுத்துக்கொள்வோம். கழிவு என்று சொன்னாலும் அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். இதில் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையை வளர்த்துச் செல்லுலேஸ் எதிர்பார்ப்பது வீண் வேலை. மாவு உடைந்து வரும் குளுக்கோஸ், சிஆர்இ1 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் வழியாகச் செல்லுலேஸ் மரபணுக்களை அடக்கிவிடும். அதே திப்பியில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் அல்லது ஒரைசே பூஞ்சையை இட்டால் மாவை உடைக்கும் அமைலேஸும் குளுக்கோஅமைலேஸும் நன்றாக வரும். ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, மாவை உடைக்கும் டயஸ்டேஸ் தயாரிப்பே கோதுமைத் தவிட்டில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயிலிருந்து வந்ததுதான்.

தென்னை நார்க்கழிவின் கதை வேறு. அதில் நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும் பீனால் பொருள்களும் மிகுதி. டிரைக்கோடெர்மாவால் லிக்னினை உடைக்க முடியாது. சிப்பிக்காளான் இனங்களை வளர்த்து, லிக்னினை உடைக்க உதவும் லாக்கேஸ் எடுக்கத்தான் அது ஏற்றது.

செல்லுலேஸுக்கு வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை ஆகியவை சரி. ஆனால் இவற்றில் தழைச்சத்து மிகக் குறைவு என்பதால் தனியாக இட்டால் பூஞ்சை வாடும். சரிபாதி கோதுமைத் தவிடு கலந்து தொடங்குங்கள். நனைக்கும் நீரில் லிட்டருக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், அம்மோனியம் சல்பேட் 1.4 கிராம், யூரியா 0.3 கிராம், கால்சியம் குளோரைடு 0.3 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.3 கிராம் சேர்த்து, பிஎச் அளவை 5க்குக் கொண்டுவாருங்கள். தவிடு மாட்டுத் தீவனம், அதற்குச் சந்தை விலை உண்டு. அதைக் கழிவுக் கணக்கில் எழுதி ‘மூலப்பொருள் இலவசம்’ என்று திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள் உற்பத்திச் செலவைப் பார்த்துப் பிறகு திகைக்கிறார்கள்.

வைக்கோல் வாங்கும்போது அந்த வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்றும் கேளுங்கள். கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சம் இருந்தால் டிரைக்கோடெர்மா முளைக்கவே திணறும்.

காரத்தைக் கழுவாமல் விடுவது

வைக்கோலையும் சக்கையையும் 1 முதல் 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 121 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்தால் லிக்னினில் ஒரு பகுதி கரைந்து நார் திறந்துகொடுக்கும். தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. மேலோட்டமாக அலசிவிட்டுப் பிஎச் தாளில் 7 காட்டியதும் நிறுத்திவிடுகிறார்கள். நாருக்குள் தங்கிய காரம் மறுநாள் வெளியே வந்து பிஎச் 9க்கு ஏறிவிடும். கடைசி அலசலை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அந்த நீரை அளந்து பாருங்கள். பிறகு 60 டிகிரியில் உலர்த்தி அரையுங்கள். துகள் அளவு அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். மாவாக அரைத்தால் நனைந்ததும் களிபோல் இறுகிக் காற்றுப் போக வழி இருக்காது.

ஈரக் கணக்கு

தோல்விகளில் பெரும்பங்கு இங்கேதான். ‘ஈரப்பதம் 60 சதவீதம்’ என்று படித்துவிட்டு 10 கிராம் தவிட்டுக்கு 6 மில்லி நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. 60 சதவீதம் என்பது நனைந்த மொத்த எடையில் நீரின் பங்கு. அதாவது 1 கிராம் உலர்பொருளுக்கு 1.5 கிராம் நீர்.

கடையில் வாங்கும் தவிட்டிலேயே சுமார் 10 சதவீத ஈரம் இருக்கும். ஆகவே 10 கிராம் தவிட்டில் உலர்பொருள் 9 கிராம், நீர் 1 கிராம். தேவையான மொத்த நீர் 9 × 1.5 = 13.5 கிராம். ஏற்கெனவே உள்ள 1 கிராமைக் கழித்தால் 12.5. பூஞ்சையை விதைக்க அதன் வித்திகள் (விதைபோன்ற நுண்துகள்கள்) கலந்த கரைசலாக 1 மில்லி சேர்க்கப் போகிறோம் என்றால், மேலே சொன்ன உப்புகள் கலந்த நீர் 11.5 மில்லிதான் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஈரத்தைத் தனியே அளந்து பாருங்கள்: 5 கிராம் எடுத்து 105 டிகிரியில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்தினால் போதும். மழைக்காலத்து மூட்டையும் கோடைக்கால மூட்டையும் ஒன்றாக இருக்காது.

நீர் கூடினால் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றுவெளி அடைபடும். பூஞ்சை மேற்பரப்பில் மட்டும் வளரும், அடியில் பேசில்லஸ் போன்ற பாக்டீரியா புகும். கையில் எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது, விட்டால் உதிர வேண்டும். வித்தி இடுவதற்கு முன் கிருமிநீக்கத்துக்காக வேகவைத்தபின் அடியில் நீர் தேங்கியிருந்தால் அந்தத் தொகுதியைத் தொடராதீர்கள்.

சூட்டை மறப்பது

250 மில்லி கூம்புக் குடுவையில் 10 கிராம் வைத்துச் சோதிக்கும்போது சூடு ஒரு பிரச்சினையே அல்ல. அதே கலவையை 10 கிலோவாக டிரேயில் தடித்துப் பரப்பும்போது நிலைமை தலைகீழாகும். வளரும் பூஞ்சை வெப்பத்தை வெளியிடும். தவிடும் வைக்கோலும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. அறையின் வெப்பமானி 30 காட்டிக்கொண்டிருக்க, படுகையின் நடுவே 40ஐத் தாண்டிவிடும். டிரைக்கோடெர்மா ரீசிக்கு உகந்தது 28 முதல் 30 டிகிரி.

படுகையின் கனம் 2 முதல் 4 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். வெப்பமானியின் முனையை நடுப்படுகையில் செருகி, வித்தி இட்ட 20 முதல் 48 மணி நேரம் வரை அடிக்கடி பாருங்கள். உச்சம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். அறையின் காற்றீரம் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காய்ந்த காற்றை வீசிச் சூட்டைத் தணிக்கப் போனால் படுகை உலர்ந்து வளர்ச்சி நின்றுவிடும். 24 மணி நேரமளவில் இழைகள் பின்னிக் கட்டியாகத் தொடங்கும்போது ஒருமுறை உதிர்த்துவிடலாம். அதற்குமேல் கிளறினால் இழைகள் அறுபட்டு விளைச்சல் குறையும்.

வித்தியில் சிக்கனமும் பழைய வளர்ப்பும்

ஒரு கிராம் உலர்பொருளுக்குச் சுமார் 1 கோடி வித்திகள் தேவை. குறைத்தால் படருவதற்குள் ரைசோபஸும் செம்மஞ்சள் நிற நியூரோஸ்போராவும் போன்ற வேண்டாத பூஞ்சைகள் இடத்தைப் பிடித்துவிடும். ஏழு நாள் வயதுள்ள சாய்வு வளர்ப்பில் (சாய்த்து உறையவைத்த ஊடகத்தில் குழாயில் வளர்த்த பூஞ்சை), வித்திகள் ஒட்டாமல் பிரிய உதவும் ட்வீன் 80 0.1 சதவீதம் கலந்த 10 மில்லி நீரை ஊற்றி மெல்லச் சுரண்டி, ஹீமோசைட்டோமீட்டர் என்ற எண்ணும் கண்ணாடித் தகட்டில் எண்ணியபின் சேருங்கள். ‘இரண்டு மில்லி ஊற்றினோம்’ என்பது அளவாகாது.

மாதாமாதம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போனால் இனம் பார்க்கச் செழிப்பாகவே இருக்கும், சுரப்பு மட்டும் தேயும். சண்டிகரிலுள்ள எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து வாங்கிய அன்றே 20 சதவீத கிளிசராலில் பல சிறு குப்பிகளாக்கி மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு குப்பியிலிருந்து மூன்று தலைமுறைக்குமேல் போக வேண்டாம்.

அளப்பதில் ஏமாறுவது

செல்லுலேஸை 96 முதல் 120 மணி நேரத்துக்குள் எடுப்பதே பெரும்பாலும் சரி. மேலும் காத்திருந்தால் வித்தி கூடும், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் சுரந்து நமக்கு வேண்டிய நொதியையே அரிக்கும். ஒரு பங்கு உலர்பொருளுக்குப் பத்துப் பங்கு 0.05 மோலார் சிட்ரேட் பஃபர் (பிஎச் அளவை 4.8இல் நிலையாக வைக்கும் கரைசல்) ஊற்றி, நிமிடத்துக்கு 150 சுற்றில் ஒரு மணி நேரம் குலுக்கி, துணியில் பிழிந்து, குளிரில் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள்.

செல்லுலேஸை அளக்க, வடிதாளை நொதி உடைக்கும்போது வெளிவரும் சர்க்கரையை டிஎன்எஸ் என்ற நிறமாற்ற முறையில் அளக்கிறோம். அந்த முறை குளுக்கோஸ் போன்ற எந்த ஒடுக்கும் சர்க்கரையையும் காட்டும். தவிட்டிலிருந்து எடுத்த சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும். நொதி மட்டும் கொண்ட, வடிதாள் இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றை வைத்துக் கழிக்காவிட்டால், இல்லாத நொதியை இருப்பதாக எழுதிவிடுவீர்கள். செல்லுலேஸின் அளவைச் சொல்லும் வடிதாள் அலகைக் கணக்கிட வாட்மேன் 1 தாளில் 50 மில்லிகிராம் (1 × 6 செ.மீ.), 1 மில்லி பஃபர், 0.5 மில்லி நொதி, 50 டிகிரி, 60 நிமிடம். சரியாக 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வெளிவரும் நீர்ப்பை (நொதிச் சாற்றில் நீர் கலக்கும் அளவை) கண்டுபிடித்து, அந்த நொதிச் செறிவால் 0.37ஐ வகுக்க வேண்டும். ஏதோ ஒரு நீர்ப்பில் அளந்து பெருக்கினால் விடை தவறாகும், ஏனெனில் படிகச் செல்லுலோஸில் நொதியை இரட்டித்தாலும் சர்க்கரை இரட்டிக்காது. நீரில் கரையும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸில் வந்த எண்ணையும் வடிதாள் எண்ணையும் ஒப்பிடாதீர்கள்.

வடிதாளில் நல்ல எண் வந்தும் வைக்கோலை உடைத்துக் குளுக்கோஸ் எடுக்கையில் பாதியில் நிற்கிறதா? செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையைக் குளுக்கோஸாக உடைப்பது பீட்டா குளுக்கோசிடேஸ்; ரீசி சுரக்கும் அளவு போதாது. செல்லோபயோஸ் தேங்கி மற்ற நொதிகளைத் தடுக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் சாற்றைச் சேர்த்தால் ஓடும். காகிதக்கூழ் வெளுப்புக்குச் சைலனேஸ் (நாரிலுள்ள சைலனை உடைக்கும் நொதி) செய்பவர்களுக்கோ அந்தச் செல்லுலேஸே எதிரி. கூழின் நாரை அரித்துத் தாளின் வலுவைக் குறைத்துவிடும். ஆகவே சைலனேஸ் அளவோடு வடிதாள் அளவையும் கட்டாயம் பாருங்கள்.

முகமூடி இல்லாமல் டிரேயைத் திறப்பது

வித்தி முற்றிய ஒரு டிரேயிலிருந்து எழும் தூசி நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் உயிருக்கே ஆபத்து. என்95 முகமூடி அணிந்து, காற்றோட்டப் பெட்டிக்குள் வைத்து, பஃபரைத் தெளித்து நனைத்தபிறகே உதிர்க்கவும். வயலில் தானாக முளைத்த மஞ்சள்பச்சைப் பூஞ்சையை எடுத்து வளர்க்க வேண்டாம். அஃப்ளடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸும் ஒரைசேயும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை 121 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்த பிறகே எருக்குழியில் போடுங்கள்.