ஆய்வகத்தில் டெக்னிக்கல் வேலை: பதவிப் பெயரை விட்டுவிட்டு கருவியின் பெயரைத் தேடுங்கள்

ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை என்றாலே முனைவர் பட்டம் வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கருவிகளை ஓட்டுகிறவர், கிளஸ்டர் கணினியை (பல கணினிகளை ஒன்றாக இணைத்தது) பார்த்துக்கொள்கிறவர் எல்லாம் அந்தப் பட்டம் இல்லாமலே உள்ளே போகிறார்கள். பயோடேட்டா எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: தேடுவது

ஒரே வேலைக்கு டெக்னீஷியன், டெக்னிக்கல் ஆபீசர், ஃபெசிலிட்டி மேனேஜர் என்று இடத்துக்கு ஒரு பெயர். ஆராய்ச்சிக்கான மென்பொருள் எழுதுகிறவருக்கு 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்ற பெயரே 2012-இல்தான் பிறந்தது. அதனால் கைக்குப் பழகிய கருவியைத் தேடுங்கள்: கான்ஃபோக்கல் நுண்ணோக்கி, செல்களை எண்ணிப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். கணினிப் பக்கம் என்றால் ஸ்லர்ம், அதாவது கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள். நேச்சர் கேரியர்ஸ், யூராக்ஸஸ் போன்ற தளங்களோடு நிறுவனங்களின் சொந்தப் பக்கங்களையும் பாருங்கள். பொதுவான வேலைத் தளங்களில் எனக்கு நேரம்தான் வீணானது.

படி 2: விளம்பரத்தைப் பிரித்துப் போடுவது

நான் சறுக்கியது இங்கேதான். 'கட்டாயத் தகுதி', 'இருந்தால் நல்லது' என்று இரண்டு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒரு ஷீட்டின் இடப்பக்கம் ஒட்டி, வலப்பக்கம் அதற்கான ஆதாரத்தை எழுதுங்கள். 'தெரியும்' என்று மட்டும் எழுதினால் அந்தக் கட்டம் காலி என்றே கணக்கு.

அப்போது நான் ஒரு என்.எம்.ஆர். கருவிக்கு (வலிமையான காந்தத்தை வைத்து மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்வது) வாராவாரம் திரவ நைட்ரஜன் நிரப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே காந்தம் 4.2 கெல்வினில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும். அதைச் சுற்றி 77 கெல்வினில் நைட்ரஜன். நைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியம் வேகமாக ஆவியாகும். ஹீலியம் ரொம்பக் குறைந்தால் காந்தம் மீகடத்துத் திறனை (தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் திறன்) இழந்து, மிச்ச ஹீலியமும் பீறிட்டு வெளியேறும். இதை 'க்வென்ச்' என்பார்கள். இவ்வளவு பொறுப்பான வேலையை எடுபிடி வேலை என்று நினைத்து பயோடேட்டாவில் எழுதவே இல்லை. விளம்பரத்தில் முதல் கட்டாயத் தகுதியே 'கிரையோஜெனிக் திரவங்களைக் கையாண்ட அனுபவம்', அதாவது இந்த நைட்ரஜன், ஹீலியம் போன்ற கடுங்குளிர்த் திரவங்கள்! அழைப்பு வரவில்லை.

அடுத்த இடத்துக்கு இப்படி எழுதினேன்: 'இரண்டு ஆண்டுகள் வாரம் ஒருமுறை நைட்ரஜன் நிரப்பினேன், ஹீலியம் அளவைப் பதிவு செய்தேன், ஆக்சிஜன் அலாரத்தைச் சோதித்தேன்.' நேர்காணலில் பாதி நேரம் அந்த ஒரு வரிக்கே போனது.

படி 3: அனுப்புவது

பக்கத்தை நெடுக்காகப் பிரிக்காமல் ஒரே காலம் (column) அமைப்பு, பி.டி.எஃப். இரண்டு காலம் டெம்ப்ளேட் பார்க்க அழகு. சில விண்ணப்பத் தளங்கள் அதைக் கந்தலாக்கிவிடும். லிப்ரே ஆஃபீஸ் தாராளமாகப் போதும், இதற்காக லேடெக் (கட்டளைகள் எழுதி ஆவணம் தயாரிக்கும் மென்பொருள்) கற்க உட்காராதீர்கள். பரிந்துரைக்குத் துறைத் தலைவரை விட, நீங்கள் கருவியில் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மேல்.

பின்சேர்க்கை: ஆர்கிட் எண் (ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனியான அடையாள எண்) கேட்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். இலவசமாகவே எடுக்கலாம். மொத்தம் 16 இடம். கடைசியில் 'எக்ஸ்' வந்தாலும் பிழையில்லை, அது சரிபார்ப்புக் குறி. இன்னொருவர் கடைசித் தேதியன்று இரவு அனுப்பப் போனால் தளம் மூடியிருந்ததாம். கெடு பெரும்பாலும் அந்த நிறுவனம் இருக்கும் ஊரின் நேரப்படிதான். ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.