ஆச்சியையும் வாண்டுகளையும் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் போவது எப்படி

சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் கூடியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர், அதில் ஐந்து பிள்ளைகள், எண்பதைத் தொடப்போகிற ஆச்சி ஒருவர். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் "நாளைக்கு எங்கயாவது போவோமா" என்று யாராவது தொடங்குவார்கள். உடனே எங்கள் அத்தான் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை, கடைசியில் கன்னியாகுமரி என்று ஒரே மூச்சில் மாவட்டத்தையே சுற்றிவரத் திட்டம் போடுவார். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். போன தடவை தலையாட்டினோம், அருவிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம், பாதிப் பிள்ளைகள் அழுகை, மீதிப் பிள்ளைகள் வாந்தி.

ஒரு காலைப்பொழுதுக்கு இரண்டு இடம் போதும். முதலில் திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனை, அப்புறம் புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டை. இரண்டும் தக்கலைப் பக்கம்தான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் ரொம்ப நேரம் ஆகாது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அரண்மனைக்குள் கையைப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல், பைய நடக்க வேண்டும். அந்தப் பொறுமை பிள்ளைகளிடம் காலையில்தான் இருக்கும். கோட்டையில் முதலில் ஓடவிட்டுவிட்டு அப்புறம் அரண்மனைக்குக் கூட்டிப் போனால் உங்கள் பாடு அதோகதிதான்.

அரண்மனை காலை 9 மணிக்குத் திறக்கும், திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. உள்ளே மலையாள எழுத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டப் படிக்கிற வயதுப் பிள்ளை ஏன் என்று கேட்கும், பதிலை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் கூட்டம் மட்டும் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பதினொரு மணி வெயிலில் திறந்த முற்றத்தில் சின்னக் கால்கள் சுட்டுவிடும். அதனால் வார் வைத்த ஷூ வேண்டாம், கழற்றி மாட்டுகிற செருப்பு போதும். எல்லோர் செருப்பையும் போட ஒரு பெரிய பை கொண்டுபோங்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் கறாராக இருக்க வேண்டும். புட்டும் பயறும் பப்படமும் என்று இலை விரித்து உட்கார்ந்தால் வீட்டிலேயே பத்து மணி ஆகிவிடும். பிள்ளைகளுக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, கைக்குழந்தைக்கு மட்டி வாழைப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்பதற்காக இல்லை, நம் ஊரில் குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுப்பதே அதுதானே.

டிக்கெட் எடுத்த கையோடு எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை ஒண்ணுக்குப் போகவைத்துவிடுங்கள். வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை முதலில் கூட்டிப் போங்கள். சுற்றிப் பார்க்கும் பாதை அறை அறையாக ஒரே வரிசையில் போகும், நடுவில் திரும்பி வருவது லேசான காரியம் இல்லை. எங்கள் மயினி மகன் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறுகிற மரப்படியில் நின்றுகொண்டு அறிவித்தான், பின்னால் முப்பது பேர்.

அந்தப் படிகள்தான் ஆச்சிக்கும் சிக்கல். குறுகலாக, செங்குத்தாக இருக்கும், நிலைகளும் தாழ்வு, உயரமானவர்கள் தலையைக் குனிந்தே ஆக வேண்டும். முட்டிவலிக்காரர்களை மாடிக்கு வற்புறுத்தாதீர்கள், கீழே திண்ணையில் உட்காரவைத்து ஒரு பெரிய ஆளைத் துணைக்கு விட்டுவிடுங்கள். தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், குழந்தை இடுப்பில்தான்.

உள்ளே பிள்ளைகளிடம் வரலாறு பேச வேண்டாம், தேடுகிற விளையாட்டாக மாற்றிவிடுங்கள். வாசல் முகப்பான பூமுகத்தில் தொங்குகிற குதிரை விளக்கை யார் முதலில் பார்ப்பது, மேலே மரத்தில் செதுக்கிய பூக்களில் எத்தனை விதம், சாப்பாட்டுக்கூடமான ஊட்டுப்புரையில் ஊறுகாய்ப் பரணி (ஜாடி) எங்கே. கண்ணாடி மாதிரி மின்னுகிற கருப்புத் தரையை முட்டை வெள்ளையும் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை முட்டை என்று கேட்டே அடுத்த மூன்று அறையைக் கடந்துவிடுவார்கள். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் செதுக்கு வேலை செய்த பலாமரத் தூணும், சுரங்கப்பாதைக் கதையும் இருக்கின்றன. படைக்கு ஆள் எடுக்கும்போது தூக்கச் சொன்னதாகச் சொல்லும் உருண்டைக் கல்லும் உண்டு. அதைப் பார்த்ததும் நம் அத்தான்மார்களுக்குக் கை பரபரக்கும், பிள்ளைகளோடு அவர்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் மார்த்தாண்டவர்மா ராஜா காலம், 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரம் போனது என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

வெளியே வந்ததும் தண்ணீர், மீதி இட்லி, நேராக உதயகிரி. கோட்டைக்குள் இப்போது பல்லுயிர்ப் பூங்கா, நிழலான பெரிய இடம், மான் பார்க்கலாம், ஓடலாம். செருப்பும் போட்டுக்கொள்ளலாம். ஆச்சி மரத்தடியில் உட்காரட்டும். பெரிய பிள்ளைகளை மட்டும் டிலனாய் கல்லறைக்குக் கூட்டிப் போங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர், பிடித்த மார்த்தாண்டவர்மாவுக்கே படைத்தளபதி ஆகி, 1777-ல் இறந்து இங்கேயே அடங்கினார். எதிரி எப்படி நம் ஆள் ஆனார் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எங்கள் பெரியப்பா வீடு வரும்வரை பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பன்னிரண்டரைக்குள் கிளம்பிவிடுங்கள். வழியில் அக்கானி (பதநீர்) கிடைக்கிற காலமாக இருந்தால் நிறுத்துங்கள், ரசவடைக்கு நிறுத்த வேண்டாம், மத்தியானச் சோறு இறங்காது. வண்டி எடுக்கும் முன் தலையை எண்ணுங்கள், அப்புறம் செருப்பை எண்ணுங்கள். எங்களுக்குத் தலை சரியாக இருந்தது, இடது கால் செருப்பு ஒன்று இன்னும் வந்து சேரவில்லை.